இரண்டாம் நம்பர் டேங்க்

கறுப்புத் திரையில் மெயில் படிக்கிறவர்கள் இப்போதெல்லாம் அபூர்வம், மேடம். படம் கிடையாது, பட்டன் கிடையாது, மவுஸுக்கு வேலையே இல்லை. வரிவரியாக எழுத்து மட்டும்தான். ஆனால் அதில் பழகிவிட்டவர்களை மாற்ற முடியாது. விஜயராகவன் சாருக்கு மூன்று தடவை புதிய முறையைக் கற்றுக்கொடுத்துப் பார்த்தேன். "கண்ணைக் குத்தறதுப்பா" என்று பழையதற்கே திரும்பிவிட்டார். மயிலாப்பூரில் அவர் வீட்டுக்குப் போய் அதைச் சரிசெய்து கொடுப்பதும் நான்தான். பாஸ்வேர்டு மறந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார், தொடர்பு அறுந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்.

தி.நகரில் நாங்கள் வேலை செய்யும் குழந்தைப்பேறு சென்டரில் அவர் லேபுக்குத் தலைவர். நான் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறேன். எட்டு வருடத்தில் யாரிடமும் 'முடியாது' என்று சொன்னதில்லை. கேட்டுப் பாருங்கள், சேரன் மாதிரி ஒரு பிள்ளை கிடையாது என்பார்கள்.

லேபில் இடுப்பளவு உயரத்தில் மூன்று ஸ்டீல் டேங்குகள் இருக்கின்றன. உள்ளே திரவ நைட்ரஜன், அதில் உறைய வைத்த கருக்கள். இரண்டாம் நம்பர் டேங்கில் மட்டும் இருநூற்றுப் பதினான்கு தம்பதிகளுடையவை இருந்தன. அது பழசு. நைட்ரஜன் சீக்கிரம் குறைந்துவிடும். குறைந்தால் டேங்கே ஒரு மெயில் அனுப்பும், யாராவது போய் ஊற்றுவார்கள். புது டேங்க் பொங்கல் கழித்து வருவதாக இருந்தது. போனில் மணியடித்துச் சொல்கிற கருவி இரண்டு மாதமாக ரிப்பேர். மிச்சமிருந்தது மெயில் ஒன்றுதான். அதுவும் சார் ஒருவருக்கு மட்டும்தான் போகும். "எல்லாருக்கும் போச்சுன்னா ஒருத்தரும் பாக்க மாட்டா. எனக்கு மட்டும் அனுப்பு" என்று அவரே கேட்டு வாங்கிய ஏற்பாடு அது. நியாயமான பேச்சுதான்.

அந்த டேங்கில் எங்களுடையதும் இருந்தது. எனக்கும் என் மனைவி கீர்த்திக்குமாக மூன்று கருக்கள். பொங்கல் முடிந்த அடுத்த வாரம் அவள் வயிற்றில் வைப்பதாகத் தேதி குறித்திருந்தார்கள்.

போகிக்கு முந்தின நாள் சார் கூப்பிட்டார். தமிழில் வரும் மெயிலெல்லாம் கேள்விக்குறியாகத் தெரிகிறதாம். போனேன். எழுத்து வகையைச் சொல்கிற ஒரு வரி செட்டிங் ஃபைலில் விட்டுப்போயிருந்தது. இரண்டு நிமிட வேலை. மாமி காபி கொண்டுவந்து வைத்தார்கள். அது ஆறுவதற்குள் அதற்குக் கீழே இன்னொரு வரியையும் எழுதினேன். சார் மெயில் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் இரண்டாம் நம்பர் டேங்கிலிருந்து வந்ததைத் தவிர மற்றதையெல்லாம் காட்டு என்று அந்த வரி சொல்லும். தயவுசெய்து இதைச் சரியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மெயிலையும் நான் அழிக்கவில்லை. எல்லாம் அதே பெட்டியில்தான் இருந்தன. அவர் கண்ணில் மட்டும் படவில்லை.

ஏன் என்று கேட்பீர்கள். எனக்குக் குழந்தை வேண்டாம், மேடம். அவ்வளவுதான் விஷயம்.

கல்யாணமான புதிதிலேயே அது எனக்குத் தெரியும். ஆனால் கீர்த்தி எவ்வளவு ஆசையாகக் கேட்டாள் தெரியுமா. சரி என்றேன். டாக்டரைப் பார்க்கலாமா என்றாள், அதற்கும் சரி. தரமணி ஆபீஸ் பஸ்ஸைவிட்டு இறங்கி நேரே ஊசி போட்டுக்கொள்ள வருவாள். வயிறெல்லாம் நீலம் பாரித்துக் கிடக்கும். அதன் பிறகு எந்த வாயால் வேண்டாம் என்று சொல்வது? அவள் முகம் வாடுவதைப் பார்க்க எனக்குச் சக்தி இல்லை. தாட்சண்யம் தனநாசம் என்பார்கள். என் சுபாவம் சின்ன வயதிலிருந்தே அப்படி.

எங்களுடையதை மட்டும் தனியாக எடுக்க வழி இருந்திருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். லேப் சாவி என்னிடம் கிடையாது.

போகியன்று டேங்கை முழுக்க நிரப்பிவிட்டு லேபைப் பூட்டினார்கள். பெருக்கித் துடைக்கக்கூட யாரும் வர வேண்டாம், மெயில் வந்தால் நானே போய் ஊற்றிவிடுகிறேன் என்று சார் பொறுப்பேற்றுக்கொண்டார். முதல் மெயில் பொங்கலன்று காலை ஒன்பது பத்துக்கு வந்தது. அதற்குப் பிறகு மணிக்கு ஒன்று. சர்வர் என் பொறுப்பு என்பதால் எனக்குப் போனிலேயே தெரியும். மாட்டுப் பொங்கல் மதியம் அடையாறில் மாமனார் வீட்டில் இலைமுன் உட்கார்ந்திருந்தேன். அதுவரை இருபத்தேழு மெயில் வந்திருந்தது. அப்போதுகூடக் காப்பாற்றியிருக்கலாம். டேங்கின் அடியில் ஒரு சாண் நைட்ரஜன் மிச்சமிருந்தது.

அந்த நேரம் பார்த்து சார் போன் செய்தார்.

"ஏம்ப்பா சேரன், ஸ்கிரீன்ல கீழ 'லிமிட்'னு என்னமோ எழுதியிருக்கே, முன்னல்லாம் இது இல்லையே? ரெண்டாம் நம்பர்லேர்ந்தும் மூச்சுப் பேச்சக் காணும். ஆத்துல சும்மாதான் இருக்கேன். ஒரு நடை போய்ப் பாத்துண்டு வந்துடட்டுமா?"

பெட்டியில் எதையாவது மறைத்தால் அந்தத் திரை அடியில் அப்படிக் காட்டிவிடும், மேடம். போங்கள் சார் என்று சொல்ல வாய் வரை வந்தது. அப்போது கீர்த்தி என் இலையில் இன்னொரு வடையை வைத்துவிட்டு, "யாரு, சாரா? அடுத்த வாரம் நம்ம தேதிய ஞாபகப்படுத்து. அவர் கையாலயே எடுத்துக் குடுக்கச் சொல்லு" என்றாள். அவள் முகத்தைப் பார்த்தேன்.

"தமிழ் எழுத்துக்காகப் போட்ட செட்டிங் சார் அது. பனிக்காலம், டேங்க் அவ்வளவு சீக்கிரம் குறையாது. நல்ல நாளும் அதுவுமா நீங்க எதுக்கு அலையணும்?" என்றேன்.

"நீ சொன்னாச் சரிதான்" என்று வைத்துவிட்டார். பெரியவரை வெயிலில் அலையவிடாத திருப்தி எனக்கு இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

காணும் பொங்கலுக்கு மறுநாள் காலை, லேப் திறப்பதற்குமுன், ஆபீஸிலிருந்தே அந்த வரியை எடுத்துவிட்டேன்; சாருடைய செட்டிங் ஃபைல் இருப்பது சர்வரில்தான். சார் பெட்டியைத் திறந்தபோது படிக்காத மெயில் எழுபத்திரண்டு கிடந்தது. டேங்க் அதற்குள் வறண்டுபோயிருந்தது. என்னை அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "எனக்கு வயசாயிடுத்துப்பா, கண்ணு முன்னாடி இருந்ததப் பாக்கல" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

அன்றைக்கு இசக்கியம்மாள் என்று ஒரு அம்மா வந்தார். ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று புடவை எடுத்துப் போடுகிறவர். வயது நாற்பத்துமூன்று. இனி முட்டை எடுக்க முடியாது என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். அந்த டேங்கில் இருந்த இரண்டும்தான் அவருக்குக் கடைசி. யாரோ ஏதோ சொன்னதைக் கேட்டுவிட்டு ஓடிவந்திருந்தார். என் மேஜையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, கம்ப்யூட்டர்ல ஒரு தடவ பாருங்க. என் நம்பர் இருக்குல்லா?" என்றார்.

பார்த்தேன். நம்பர் இருந்தது. "இருக்குக்கா" என்றேன். என்னை வாயார வாழ்த்திவிட்டு, வடபழனி முருகனுக்கு அர்ச்சனை செய்துவிட்டு வருகிறேன் என்று போனார். நான்கு நாள் கழித்து ஆபீஸிலிருந்து போன் செய்து அவருக்கு உண்மையைச் சொன்னார்களாம். சொன்னது நானில்லை.

சார் ராஜினாமா செய்துவிட்டார். இருநூற்றுப் பதினான்கு தம்பதிகளுக்கும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டு எழுதினார். அதே கறுப்புத் திரையில்தான். பெயர்கள் மாறிப்போகாமல் அனுப்ப உதவச் சொன்னார். உட்கார்ந்து செய்து கொடுத்தேன். எங்கள் வீட்டுக்கும் ஒன்று வந்தது. கீர்த்தி அதைப் படித்துவிட்டுப் போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் தோளில் தட்டிக்கொடுத்தேன். எனக்கும் துக்கமாகத்தான் இருந்தது.

இரண்டு மாதமாக நீங்கள் சாரை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டு விசாரிக்கிறீர்கள். அவர் மேல் பரிதாபப்பட்டு, மனசாட்சி உறுத்தி நான் வந்திருப்பதாகச் சற்றுமுன் சொன்னீர்கள். நீங்கள் நல்லவர். உங்கள் பேச்சையும் மறுக்க எனக்கு வாய் வரவில்லை. ஆனால் இது வாக்குமூலம். உள்ளதைச் சொல்ல வேண்டும்.

பாதிக்கப்பட்டவர்களுக்கு இன்னொரு முறை இலவசமாகச் செய்து தருவதாக சென்டரில் அறிவித்திருக்கிறார்கள். கீர்த்தி நேற்றே போய்ப் பெயர் கொடுத்துவிட்டாள். திங்கட்கிழமை முதல் ஊசி. "நீயும் வருவல்ல?" என்று கேட்டாள். சரி என்றேன்.

அதனால்தான் வந்தேன், மேடம். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லுங்கள். ஒரே ஒரு உதவி மட்டும் செய்யுங்கள். அவள் வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறாள், சாருக்காகச் சாட்சி சொல்ல நான் வந்திருப்பதாக நினைத்துக்கொண்டு. டேங்க் விஷயத்தை நானே அவளிடம் சொல்லிவிடுவேன். எனக்குக் குழந்தை வேண்டாம் என்பதை மட்டும் நீங்கள் சொல்லிவிடுங்கள்.