தேங்காயும் தியோக்ரசியும்

பிறர் பேச்சைக் கேட்கிற பழக்கம் எனக்கில்லை. இது தானாகக் காதில் விழுந்தது. சாலைக் கடைத்தெருவுக்கு நான் புளி வாங்கப் போன பஸ்ஸில் முன்னிருக்கையில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும். அவளுக்கு அன்றைக்கு அரசு வேலைக்கான பரீட்சை. அவன் கேள்வி கேட்டுக்கொண்டு வந்தான்.

"தியோக்ரசின்னா என்ன?"

"எத்தனை படிச்சாலும் மறந்துபோகுது அத்தான்."

"செரி, பழவங்காடிப் பிள்ளையார் கோயில் வருது. எறங்கித் தேங்காய் உடைச்சிட்டுப் போவோம்."

"நேரமாச்சுன்னா பரீட்சை ஹால் கேட்டை அடைச்சிருவாங்க."

"எங்கம்மை சொல்லியிருக்கால்லா. அவ கனவுல பிள்ளையாரே உத்தரவு போட்டாராம்."

அவள் அவனையே பார்த்தாள்.

"தெய்வத்துக்க பேரைச் சொல்லி ஒராளு நாட்டை ஆளுகது. அதுதான் தியோக்ரசி. இனி மறக்காது."

அவள் எழுந்திருக்கவில்லை. அவன் மட்டும் தேங்காயோடு இறங்கி, ஜன்னலருகே வந்தான்.

"அம்மைகிட்ட நீதான் உடைச்சேன்னு சொல்லிருதேன்."

"சொல்லுங்க. அதுக்குப் பேரு ராஜதந்திரம். அடுத்த பாடம்."