எட்டாவது குரலுக்கு வழிவிட்ட பேராசிரியர் அருள்மேரி அவர்களுக்கு

அலைகளும் உப்பளங்களும் அடுத்தடுத்துக் கிடக்கும் மரக்காணத்து மண்ணில் பிறந்து, மானிடவியல் துறையில் முப்பத்தோராண்டுகள் மாணவர் மனங்களைப் பண்படுத்தி, இன்று பணிநிறைவு பெறும் பேராசிரியப் பெருந்தகையே! அறிவினும் அறம் பெரிதெனக் கொண்ட அன்பிற்குரிய அம்மையே! வணக்கம்.

தாங்கள் பெற்ற விருதுகளின் பட்டியல் நீளமானது. அதை விடுத்து ஒரு நண்பகலைப் பற்றியே பேச விரும்புகிறோம். இம்மடலை எழுதி வாசிக்கும் ராஜவேல் ஆகிய நான் செய்த பிழையில்தான் அது தொடங்கியது.

ஏழாண்டுகளுக்கு முன், கழுவெளி ஏரிக்கரையில் இருளர் பெண்கள் எழுவர் விடியலில் கன்னியம்மனைப் பாடியதை, அவர்களைக் கேளாமல், புதர் மறைவில் நின்று கைப்பேசியில் பதிவு செய்தேன். பழங்குடி வழக்காறுகள் பாடத்துக்கு அரிய பொருள் கிடைத்ததென்று வகுப்பில் ஒலிக்கவிட்டேன். பாடல் முடிந்ததும், எட்டுக் குரல்கள் கேட்பதாக மாணவி ஜான்சி சொன்னார். எண்ணிப் பார்த்தோம், எட்டுதான். ஒலிக்கூடத்தில் பிரித்துக் கேட்டபோது, அந்த எட்டாவது குரல் கைப்பேசிக்கு மிக அருகில், ஏறத்தாழ என் தோளருகில் இருந்தது. அங்கே என்னைத் தவிர எவரும் நிற்கவில்லை.

துறையே பரபரத்தது. இணையப் பாடத்தில் ஏற்றவும் மாநாட்டில் ஒலிக்கவும் நாள் குறித்தோம். தாங்கள் மட்டும், பாடியவர்களிடம் கேட்டீர்களா என்று வினவினீர்கள். மறுநாளே என்னை உப்பளத்துக்கு அழைத்துச் சென்றீர்கள்.

உச்சி வெயில். நிழலே இல்லாத வெண்மை. பாடியவர்களுள் மூத்தவரான தனக்கோடி அம்மாள், உப்பு வாருவதை நிறுத்திவிட்டுப் பதிவைக் காதில் வைத்துக் கேட்டார். அவர் முகம் மாறவில்லை.

“ஏழு பேருதாங்க பாடுனோம். இது என் தங்கச்சிங்க. போன மழையில கழுவெளியில முழுகிப் போயிட்டா. அவளை அழைக்கத்தான் பாடுனோம், உங்களுக்காகப் பாடல. வந்தவள நீங்க இதுல புடிச்சி வெச்சிக்கினு இருக்கீங்க.”

நான் ஆய்வின் பயனை விளக்க முயன்றேன். தாங்கள் கையமர்த்திவிட்டு, இப்போது என்ன செய்ய வேண்டும் என்று அவரையே கேட்டீர்கள்.

“அனுப்பி வுட்டுடுங்க,” என்றார்.

அங்கே வேலையில் இருந்த எழுவரும் பார்த்திருக்க, கைப்பேசியிலும் கொண்டுசென்ற மடிக்கணினியிலும் இருந்த படிகள் அனைத்தையும் என் கையாலேயே அழிக்கச் செய்தீர்கள். கடைசிப் படி அழிந்ததும் காற்று நின்றது. ஒருவர் மட்டுமே நடக்கக்கூடிய வரப்பிலிருந்து அந்தப் பெண்கள் ஒருவர் பின் ஒருவராகப் பாத்திக்குள் இறங்கி, யாருக்கோ வழிவிட்டார்கள். தாங்களும் செருப்போடு உப்புநீரில் இறங்கினீர்கள். நான் மட்டும் ஒதுங்காமல் நின்றேன். என்னை எதுவும் கடந்து போனதாகத் தெரியவில்லை. ஆயினும் என் சட்டையின் இடது தோள் நனைந்திருந்தது. அதில் கழுவெளிச் சேற்றின் வாடை அடித்தது.

ஆய்வுப்பொருளை அழித்ததற்கு ஆட்சிக்குழு விளக்கம் கேட்டது. தங்களுக்கு வரவேண்டிய துறைத்தலைமையும் கைநழுவிப் போனது. “அது நம்முடையதாக இருந்ததே இல்லை” என்ற ஒற்றை வரியையே பதிலாக எழுதினீர்கள். பின்னர் ஈராண்டுகள் சளைக்காமல் வாதாடி, உரியவர்களின் ஒப்புதலின்றிப் பழங்குடியினரின் அறிவு எதுவும் பாடமாகாது என்னும் விதியைப் பெற்றுத் தந்தீர்கள். தனக்கோடி அம்மாளை வருகைதரு ஆசிரியராக அமர்த்தினீர்கள். பச்சிலையும் பாம்பின் போக்கும் சொல்லி வருபவர், “இதுக்கு மேல எங்களுதுங்க” என்று நிறுத்துவார். தங்கள் எழுதுகோலும் அங்கேயே நின்றுவிடும். அந்த அமைதியில் எவரோ உள்ளே வந்து அமர்வதாக மாணவர் பலர் உணர்ந்திருக்கிறார்கள். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்தப் பண்பையும் தாங்களே கற்பித்தீர்கள்.

கடிந்துரைக்காமலே என்னைத் திருத்திய கருணையே! கடற்காற்று மேனி தழுவ, காலாற நடந்து, உற்றார் சூழ, உடல்நலம் குன்றாது பல்லாண்டு வாழ்க!

கண்ணாடிச் சட்டமிடும் முன் இம்மடலைத் தனக்கோடி அம்மாளிடம் வாசித்துக் காட்டினோம். தம் தங்கையின் பெயரை மட்டும் எடுத்துவிடச் சொன்னார். எடுத்துவிட்டோம்.

என்றும் தங்கள் அன்பை மறவா,
மானிடவியல் துறை ஆசிரியர்களும் அலுவலர்களும்