முதல் எண்

சட்டைக்கு இஸ்திரி போடுவதில் ஓர் ஒழுங்கு உண்டு, ஐயா. முதலில் காலர், பிறகு கைகள், முதுகு கடைசியில். ஞாயிற்றுக்கிழமை மதியம் வாரத்துக்கான ஐந்து சட்டைகளையும் போட்டு வைத்துவிடுவேன். அன்றும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

எங்கள் நிறுவனம் தனியாக இருக்கும் முதியவர்களுக்கு ஒரு சிவப்புப் பொத்தான் செய்து தருகிறது. கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். அமுக்கினால் முதலில் மகனுக்கோ மகளுக்கோ அழைப்பு போகும். அவர்கள் எடுக்காவிட்டால் பக்கத்து வீடு, அதற்கும் பிறகு ஆம்புலன்ஸ். அந்த வரிசையைக் கவனிக்கும் நிரலை எழுதியவன் நான். அலுவலகத்தில் எனக்குப் பிள்ளைப்பூச்சி என்று பெயர். யாரோடும் சண்டை சச்சரவு கிடையாது.

ஒருமுறை சோதனைக்காக ஒரு வீட்டுக்கு முதல் எண்ணாக என் கைபேசி எண்ணைப் போட்டேன், பிறகு அதை நீக்க மறந்துவிட்டேன். இந்தத் தொழிலில் எல்லோரும் செய்கிற தவறுதான். "டெஸ்ட் நம்பரை உள்ளேயே விட்டுட்டுப் போயிடாதீங்கப்பா" என்று மேலாளர் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துவார்.

ஒரு திங்கட்கிழமை காலை அந்த வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர்.

"தெரியாம அமுக்கிட்டேன்பா. யாரு, கம்பெனியா?"

"ஆமாம்மா."

"என்ன, தொண்டை கட்டியிருக்கு? வெந்நீர் குடிச்சியா?"

சனி, ஞாயிறு இரண்டு நாளும் யாரோடும் பேசாததால் கட்டிய தொண்டை அது. கடையில்கூட விரலால் காட்டினால் வேலை முடிந்துவிடுகிறது. அவர் அப்படிக் கேட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. நிரலில் ஒரு வரியை அழித்தால் என் எண் போயிருக்கும். நான் மற்ற மூன்று எண்களையும் அழித்தேன். நான் இருக்கும்போது மூன்று பேரை எதற்கு அலைக்கழிக்க வேண்டும்?

அதன்பின் தினமும் பேசினோம். அவர் மனக்கணக்கு போடுவார். நான் வேண்டுமென்றே விடையைத் தப்பாகச் சொல்வேன். "மக்கு, மறுபடி யோசிடா" என்பார். அதைக் கேட்கத்தான் தப்பாகச் சொன்னேன்.

மகள் வேறு ஊரில் வேலையில் இருந்தாள். வீட்டில் வேறு தொலைபேசி இல்லை; அவளுடைய அழைப்புகளும் பொத்தானோடு நாங்கள் வைத்துத் தரும் பேசும் பெட்டி வழியாகத்தான் வரும். அவள் பேசிய நாட்களில் டீச்சர் என்னைக் கூப்பிடுவதில்லை என்பதைக் கவனித்தேன். ஆகவே அவள் அழைத்தால் பெட்டி ஒலிக்காமல், 'அம்மா நலம், உறங்குகிறார்' என்ற செய்தி தானாகப் போகும்படி செய்தேன். பெரிய பொய்யில்லை, அவர் நலமாகத்தான் இருந்தார். "பெத்த பொண்ணே மறந்துட்டாப்பா" என்று ஒருநாள் விம்மினார். ஒரு மணி நேரம் ஆறுதல் சொன்னேன். அன்று என்னை விட்டால் அவருக்கு யார் இருந்தார்கள்?

மகள் தபாலில் போட்ட கடிதத்தை மட்டும் என்னால் நிறுத்த முடியவில்லை. அந்தச் சனிக்கிழமை டீச்சர் சொன்னார்: "புதன்கிழமை மக வர்றாளாம். என்னைக் கூடவே கூட்டிட்டுப் போறாளாம். இனிமே உனக்குத் தொல்லை இல்லப்பா."

குரலில் அத்தனை சந்தோஷம். தொல்லை என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. ஆற்றைக் கடக்கும்வரைதான் அண்ணன் தம்பி என்பார்கள். எனக்கு வலித்தது, ஐயா.

மறுநாள் பன்னிரண்டு பத்துக்குக் கைபேசி அடித்தது. திரையில் 'விழுந்துவிட்டார்' என்று எச்சரிக்கை. பொத்தானுக்குள் அதை உணரும் கருவி இருக்கிறது. அதன் நிரலும் என்னுடையதுதான், தவறாகச் சொல்லாது. படித்துவிட்டுக் கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். இரண்டாவது சட்டையை விரித்தேன். என் அருமை கொஞ்சம் தெரியட்டும் என்று நினைத்தேன். விட்டுவிட்டு அடித்துக்கொண்டே இருந்தது. ஐந்தாவது சட்டையின் முதுகுக்கு வந்தபோது நின்றுவிட்டது.

அதற்குப் பிறகும் நான் யாரிடமும் சொல்லவில்லை. புதன்கிழமை மகள்தான் கதவைத் திறந்தாள்.

சாகவிட்டது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அந்தப் பெண்ணிடம் மட்டும் ஒன்றைச் சொல்லிவிடுங்கள். அம்மா பதினொரு முறை அமுக்கியிருக்கிறார். உலகத்தில் இத்தனை பேர் இருக்க, கடைசியில் என்னைத்தான் கூப்பிட்டார்.