வியாழக்கிழமை மூன்று மணி

முதலில் ஒரு சின்ன உதவி. என் வீட்டில், சமைக்கிற குசினி யன்னலில் ஒரு கறிவேப்பிலைக் கன்று இருக்கிறது. மெல்பேர்ன் குளிரை அது தாங்காது என்றுதான் உள்ளே எடுத்து வைத்தேன். இரண்டு நாளைக்கு ஒருமுறை அரைக் கோப்பைத் தண்ணீர் போதும். உங்கள் பொலிஸ் ஆட்கள் சோதனைக்கு வந்து போகிறார்கள்தானே, யாராவது ஊற்றினால் நல்லது. சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போகச் சொல்லுங்கள்.

எனக்கு ஆங்கிலம் நன்றாக வரும். பதினாறு வருடமாக டண்டினோங்கில் ஒரு களஞ்சியத்தில் லொறிகளுக்கு நேரம் ஒதுக்கும் வேலை செய்கிறேன். ஆனாலும் காரணங்களைச் சரியாகச் சொல்லவேண்டும் என்பதால் தமிழில் பேச அனுமதி கேட்டேன். மொழிபெயர்க்கச் சந்திரகலா அன்ரியை அழைத்திருக்கிறீர்கள். எங்கள் கோயிலில் சனிக்கிழமைகளில் மாலை கட்டுகிறவர். இப்போது என்னைத் தெரியாதவர் மாதிரி இருக்கிறார். அது அவருடைய தொழில் முறை, நான் குறை சொல்லவில்லை.

என் மனைவி நிரூபா என்னை விட்டுப் போய் நான்கு வருடமாகிறது. போகிற அன்று, "நீங்கள் என்னோடை கதைக்கிறேல்லை சிறி, ஓடர்தான் போடுறியள்" என்றாள். அவளுக்கு வாய் அதிகம். எங்கள் பெண்கள் எல்லோருக்குமே கொஞ்சம் அதிகம்தான் என்று அப்போது நினைத்தேன். தனியாக இருந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கொரிய நாடகங்கள் வந்தன, பிறகு சின்னச் சின்ன வீடியோக்கள். தலையைக் குனிந்து தேநீர் ஊற்றுகிற பெண்கள். ஒன்றைப் பார்த்தால் அடுத்ததை அதுவே தரும். இந்த நாட்டில் ஆசியப் பெண் என்றால் எங்கள் பெண்களைச் சொல்வதில்லை, அவர்களைத்தான் சொல்வார்கள். எனக்கும் அப்படியே பழகிவிட்டது.

அப்படித்தான் இணையத்தில் ஒரு குழுவில் சேர்ந்தேன். மூவாயிரம் ஆண்கள். வெள்ளையர், இந்தியர், எங்கள் ஆட்கள் சிலர். டேட்டிங் செயலிகளில் இருந்து பெண்களின் படங்களை எடுத்துப் போட்டு, தோல், மணிக்கட்டு, குரல் என்று புள்ளி கொடுப்பார்கள். வெளிப்படையாகச் சொல்கிறேன், அந்த ஆட்களை நினைத்தால் எனக்குக் குமட்டும். என்ன பேச்சு, என்ன எழுத்து. படித்துவிட்டுக் கை கழுவியிருக்கிறேன். அதனால்தான் கெட்ட வார்த்தைகளை நீக்கும் பொறுப்பை நானே கேட்டு வாங்கினேன். புள்ளி போடும் அட்டவணையையும் நான்தான் ஒழுங்குபடுத்தினேன். அதுவரை ஆளாளுக்கு ஒரு அளவு வைத்திருந்தார்கள்.

நான் பதினொரு பேரைச் சந்தித்திருக்கிறேன். ஐந்து சீனா, மூன்று வியட்நாம், இரண்டு கொரியா, ஒரு யப்பான். பெயர்களைக் கேட்டால் சொல்லத் தெரியாது, நாடு நினைவிருக்கிறது. ஒருத்தியைத் தவிர யாரும் இரண்டாவது தரம் வரவில்லை. அவள் பெயர் மேய். அவளும் மூன்றாவது தரம் வரவில்லை.

பிறகு என் நோபல் பார்க் வீட்டின் பின்வளவில் உள்ள தனி அறையை வாடகைக்கு விட விளம்பரம் போட்டேன். அமைதியான ஆசியப் பெண் விரும்பத்தக்கது என்று எழுதினேன். பத்தொன்பது பேர் கேட்டார்கள். தாய்வானில் இருந்து வந்த யீ-சுவானைத் தெரிவு செய்தேன். வயது இருபத்தாறு, இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அந்தப் பெயர் என் வாய்க்கு வரவில்லை, அதனால் மேய் என்று கூப்பிட்டேன். "என் பெயர் யீ-சுவான்" என்று நான்கைந்து தரம் திருத்தினாள். பிறகு விட்டுவிட்டாள். ஏற்றுக்கொண்டாள் என்று எடுத்துக்கொண்டேன்.

ஒருநாள் தபால் எடுக்க வந்தவள் குசினிச் சுவரில் இருந்த கலண்டரைக் காட்டி, இந்தச் சிவப்பு எழுத்து என்ன என்று கேட்டாள். இராகு காலம் என்றேன். ஒவ்வொரு நாளும் ஒன்றரை மணித்தியாலம், அந்த நேரத்தில் நாங்கள் நல்ல காரியம் ஒன்றையும் தொடங்கமாட்டோம். இங்கே கோயிலில் மெல்பேர்னுக்குக் கணித்த நேரம் போடுகிறார்கள், ஆனால் நான் பார்ப்பது ஊர்க் கலண்டர். செவ்வாய் மூன்றில் இருந்து நாலரை, வியாழன் ஒன்றரையில் இருந்து மூன்று. அவள் கதிரையில் உட்கார்ந்து, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். தங்கள் ஊரிலும் நாள் பார்ப்பார்கள் என்றாள். போனில் ஏதோ குறித்துக்கொண்டாள். நிரூபா ஒருநாளும் என் பேச்சை இப்படிக் கேட்டதில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த கிழமை அவளுக்கு ஒரு பட்டுச் சட்டை வாங்கினேன். சீனப் படங்களில் வருகிற மாதிரிக் கழுத்து உயர்ந்தது, பக்கத்தில் பிளவு வைத்தது, சிவப்பு. அளவை அவள் கொடியில் காயப்போட்ட உடுப்பில் பார்த்துக்கொண்டேன். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடித் தந்து, ஆங்கிலத்தில் சொன்னாள்.

"சிறி, நான் உங்கட வீட்டில வாடகைக்கு இருக்கிற ஆள். எனக்கு வேஷம் போட உடுப்பு வாங்கித் தராதேங்கோ."

சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு வருத்தம் குறைவாக இருந்திருக்கும். நான்கு கிழமையில் அறையை விடுவதாக அன்றைக்கே எழுதித் தந்தாள்.

அவள் போவதைத் தடுக்கவேண்டும். எனக்கிருந்த பிரச்சினை அது ஒன்றுதான். வெளியில் எப்படிப்பட்ட ஆண்கள் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் என்னை வேறு மாதிரிப் பார்ப்பாள். ஆகவே அவளுடைய படங்களை வைத்து செயலியில் ஒரு கணக்குத் திறந்தேன். அவள் உடுப்புக் காயப்போடும்போது யன்னலால் எடுத்த படங்கள். பெயர் மேய் என்று போட்டேன். அவளாக நான் எழுதினேன். அவளுடைய ஆங்கிலம் என்னுடையதைவிட நல்லது, ஆனால் அப்படி எழுதினால் அந்த ஆண்களுக்குப் பிடிக்காது. அதனால் உடைத்து உடைத்து எழுதினேன். ஆயிரக்கணக்கில் பதில்கள். அவற்றை வாசித்த எனக்குத்தான் தெரியும் அது எவ்வளவு அருவருப்பான வேலை என்று.

விலாசம் கொடுத்து நான் வரச்சொன்ன முதலாவது ஆள் ஒரு செவ்வாய் ஐந்து மணிக்குப் பூங்கொத்தோடு வந்தான். அவள் கதவைப் பாதி திறந்தபடி, பிழையான வீடு என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அகப்பையோடு ஓடிப்போய் அவனைத் துரத்தினேன். "தாங்க்ஸ், சிறி" என்றாள். அந்தக் குரல் இப்போதும் காதில் இருக்கிறது. இரண்டாவது ஆளையும் அதேபோல் துரத்தினேன். அந்த முறை அவள் நன்றி சொல்லவில்லை. என்னைப் பார்த்தாள், பிறகு கையில் இருந்த போனைப் பார்த்தாள். பயம் போதவில்லை என்று நினைத்தேன்.

மூன்றாவது ஆளுக்குக் கொஞ்சம் கூடுதலாக எழுதினேன். அந்தச் செய்தி உங்கள் கையில் இருக்கிறது, ஆனாலும் நானே சொல்கிறேன். "வேண்டாம் என்று நான் கத்துவேன், அது என் விளையாட்டு, நீ நிறுத்தக்கூடாது." பின்வளவுப் படலைப் பூட்டைத் திறக்கிற இலக்கத்தையும் கொடுத்தேன். வியாழக்கிழமை மூன்று மணி. முதல்நாள் அவள் வேலைக்குப் போனபின், குளியலறைத் தாழ்ப்பாளை எண்ணெய் போடக் கழற்றியிருந்தேன். திரும்பப் பூட்ட நேரம் கிடைக்கவில்லை.

"தம்பி, கொஞ்சம் நில்லுங்கோ."

அன்ரிதான் கேட்கிறார், தண்ணீர் குடிக்கட்டும். நான் அவசரப்படவில்லை.

திட்டம் ஒழுங்கானது என்பதை நீங்கள் பார்க்கவேண்டும். அவன் மூன்றுக்கு வருவான், நான் மூன்று ஐந்துக்குப் போவேன். ஐந்து நிமிடத்தில் பெரிதாக ஒன்றும் நடந்துவிடாது. ஆனால் அவன் இரண்டு இருபதுக்கே வந்துவிட்டான். படலை திறக்கிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். ஊத்தைச் சப்பாத்து, கழற்றாமலே உள்ளே போனான். அப்படி ஒரு மனிதன். பிறகு அவள் கத்தினாள். முதலில் அவளுடைய மொழியில், பிறகு ஆங்கிலத்தில், பிறகு என் பெயரைச் சொல்லி. குளியலறைக் கதவு இரண்டு தரம் அடித்தது. பிறகு அது அடிக்கவில்லை.

நீங்கள் மூன்றாவது தரமும் அதே கேள்வியைக் கேட்கிறீர்கள், ஏன் நாற்பது நிமிடம் போகவில்லை என்று. களஞ்சியத்தில் நேரத்துக்கு முன் வருகிற லொறியை வாசலிலேயே நிற்க வைப்போம், அதற்காக ஒழுங்கை மாற்றமாட்டோம். ஆனால் உண்மையான காரணம் அது இல்லை. அப்போது இராகு காலம். அவளும் நானும் சேர்ந்து வாழப்போகிற வாழ்க்கை அந்தக் கதவை நான் திறக்கிற கணத்தில்தான் தொடங்கும். அதை அந்த நேரத்தில் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. நிரூபாவின் தாலி முகூர்த்தத்தில் ஐயர் பிந்தி வந்து, அவசரப்பட்டுச் செய்து, என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும்.

அவளுடைய குளியலறை யன்னலும் என் குசினி யன்னலும் நேருக்கு நேர். நான் கதிரையில் இருந்து கலண்டரையும் மணிக்கூட்டையும் மாறி மாறிப் பார்த்ததை அவள் கண்டிருக்கிறாள். உங்களிடம் முதலில் சொன்னதே அதுதானாம். மூன்று பேரும் எந்தெந்த நேரத்துக்கு அழைக்கப்பட்டார்கள் என்று பாருங்கள், பிறகு அவன் வீட்டுச் சுவரில் இருக்கிற கலண்டரைப் பாருங்கள் என்று, கட்டுப் போட்ட கையோடு எழுதித் தந்திருக்கிறாள். இராகு காலம் பற்றி நான் சொன்னது முழுவதையும் அன்றைக்கே போனில் கிழமைவாரியாகக் குறித்து வைத்திருக்கிறாள். இதை அவள் தானாக யோசித்திருப்பாள் என்று நான் நம்பவில்லை. யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அவள் அப்படிப்பட்ட பிள்ளை இல்லை.

"அவவுக்கு ஒரு பேர் இருக்கு," என்கிறார் அன்ரி. என்னிடம் நேராகப் பேச அவருக்கு அனுமதி இல்லை என்று நினைக்கிறேன். "இதுவரைக்கும் நீராய் ஒருக்காத்தான் சொன்னனீர்."

மேய் எப்படி இருக்கிறாள் என்று யாரும் எனக்குச் சொல்கிறீர்கள் இல்லை. என்னைப் பார்க்க விருப்பமில்லை என்று சொன்னாளாம். பயத்தில் சொல்லியிருப்பாள், நான் பொறுமையாக இருப்பேன். ஒன்றை மட்டும் அவளிடம் சொல்லுங்கள். அன்ரி, இதைச் சரியாக மொழிபெயர்க்கவேண்டும். கதவைத் திறந்தபோது மணி சரியாக மூன்று. நான் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கவில்லை.