முழங்கை உயரத்துக்கு ஒரு நூல்

கடைக்காரர்: ...நூலை விட்டுடாதீங்க சார். ஒரு முனையைக் கால்ல மிதிச்சுக்கங்க. ம்... இப்ப முடிச்சு எங்க வருதுன்னு பாருங்க.

அப்பா: சரியாத்தான் வருது.

கடைக்காரர்: இடுப்புக்கு வருது சார். முழங்கைக்குல்ல வரணும்?

மகள்: என்னப்பா, நூல் சுருங்கிருச்சா?

அப்பா: பருத்தி நூல்தானே... சுருங்கும்.

மகள்: நனைஞ்சாத்தானே சுருங்கும்? சட்டைப் பையிலயா நனைஞ்சுது?

கடைக்காரர்: நம்ம கடையில இப்படித்தான் மேடம். டேப்பால அளந்துட்டு வாங்கன்னா ஒருத்தர் அங்குலம்பார், ஒருத்தர் சென்டிமீட்டர்பார். மாட்டின பிறகு சண்டை. அதான் போன்லயே சொல்லிருவேன். வாஷ்பேசின் முன்னாடி யாரு நிக்கப் போறாங்களோ, அவங்க பாதத்திலேர்ந்து முழங்கை வரைக்கும் ஒரு நூல். அதுல ஒரு முடிச்சு. முடிச்சுக்கு ஒரு சாண் கீழ பேசின் விளிம்பு. முதுகும் வளையாது, கையில தண்ணியும் வழியாது.

மகள்: நல்ல ஏற்பாடுதான். ஆனா இது யாரு முழங்கை?

அப்பா: யாருன்னா... அந்த வீட்டுல நான் ஒருத்தன்தானே இருக்கேன்.

மகள்: உங்க முழங்கை இவ்வளவு கீழ எறங்கிருச்சா? வயசானா முடி கொட்டும்னுதான் கேள்விப்பட்டிருக்கேன்.

அப்பா: கடையில வச்சு... சும்மா இரும்மா.

மகள்: குடுங்க, நான் நின்னு பாக்கறேன்... ம்ஹூம். எனக்கும் எட்டல. நாலு விரல் கீழயே நிக்குது.

அப்பா: அது வந்து... சராசரி.

மகள்: என்னது?

அப்பா: நீயும் லீவுக்கு வர்றே இல்ல? உன் உயரம், என் உயரம், எல்லாத்துக்கும் பொதுவா ஒரு சராசரி...

மகள்: வாத்தியாரே. ஊருக்கெல்லாம் கணக்குச் சொல்லிக் குடுத்த வாய் இது. ரெண்டு எண்ணோட சராசரி ரெண்டுக்கும் நடுவுல வருமா, ரெண்டுக்கும் கீழ வருமா?

கடைக்காரர்: நான் கணக்குல மட்டம் மேடம். எனக்கே இது இடிக்குது.

அப்பா: சரி, அதை விடுங்க. இந்த மரக்கலர் காட்டினீங்களே, அலமாரி வச்சது. அதுல ரெண்டு இழுப்பறை இருக்கறது கெடைக்குமா?

மகள்: ரெண்டு எதுக்குப்பா? ஒரு பிரஷ், ஒரு பேஸ்ட், ஒரு சீப்பு. அந்தச் சீப்புக்கே வேலை கம்மி.

அப்பா: சாமான் சேராமயா போயிரும்...

மகள்: எப்ப?

அப்பா: போகப் போக.

மகள்: ம்... போகப் போக.

கடைக்காரர்: ரெண்டு இழுப்பறையில ஒண்ணு இருக்கு சார். ஈரம் தாங்கற பலகை, கதவு சத்தம் போடாம மூடிக்கும். ஆனா இந்த முடிச்சு உயரத்துக்குன்னா கால் குட்டையாப் போடணும். ஒரு தடவை மாட்டிட்டா டைல்ஸை உடைக்காம ஏத்த முடியாது. நாளைக்கு நீங்க தினமும் குனிஞ்சு பல் தேய்ச்சுட்டு என்னைத் திட்டப்படாது.

அப்பா: குனிஞ்சுக்கறேன்.

மகள்: என்னது?

அப்பா: குனிஞ்சுக்கறேன்னேன். ஒண்ணும் தப்பில்ல.

கடைக்காரர்: ...நான் ஒண்ணு செய்யறேன். பின்னால குடோன்ல அந்தப் பீஸ் இருக்கான்னு பாத்துட்டு வரேன். அடியில எங்கயாவது கெடக்கும். மெதுவாத்தான் வருவேன். ரெண்டு பேரும் அந்தத் தொட்டி மேல உக்காராதீங்க, அது இன்னும் ஒட்டல.

மகள்: அவருக்குக்கூடப் புரிஞ்சிருச்சு.

அப்பா: என்ன புரிஞ்சிருச்சு?

மகள்: ஒண்ணுமில்ல. இந்தக் கண்ணாடி நல்லாருக்கு. ஓரத்துல வெளிச்சம் வருது பாருங்க.

அப்பா: ம்.

மகள்: அப்பா... எனக்கு அம்மா உயரம்.

அப்பா: ஆமா. ஒரு விரக்கடைகூட வித்தியாசம் கெடையாது. அவ புடவையை நீ கட்டிக்கிட்டு நின்னப்ப...

மகள்: அப்போ இது அம்மா அளவும் இல்ல.

அப்பா: ...இல்ல.

மகள்: ம்.

அப்பா: நீ ஏதாவது கேக்கணும்னா கேளு.

மகள்: நான் எதுவும் கேக்கமாட்டேன்.

அப்பா: காலையிலேர்ந்து கேள்வியாத்தானே கேக்கறே. நூலைக் கேட்டே, சீப்பைக் கேட்டே...

மகள்: அதெல்லாம் வம்பு. கேள்வி இல்ல. எதையாவது மறைச்சா உங்க குரல் தணிஞ்சுரும்ப்பா. தெரியுமா உங்களுக்கு? வகுப்புல கடைசி பெஞ்சு வரைக்கும் கேக்கற குரல். மறைக்கும்போது மட்டும் பக்கத்து வீட்டுக் கொழந்தை தூங்கற மாதிரி பேசுவீங்க. நான் ஹாஸ்டல்ல இருந்தப்பவும் அப்படித்தான். தினம் ராத்திரி போன் பண்ணுவேன். 'அம்மா தூங்கறாம்மா'ம்பீங்க.

அப்பா: அதை இப்ப எதுக்கு...

மகள்: ஆஸ்பத்திரி வராந்தாவுல நின்னுக்கிட்டு சொல்லியிருக்கீங்க. பின்னால ட்ராலி சக்கரம் உருளும். என்னப்பா சத்தம்னு கேட்டா, மிக்ஸியை ரிப்பேர் பண்றேன்னீங்க.

அப்பா: நீ பரீட்சை எழுதி முடிக்கணும்னு சொன்னது உங்கம்மாதான். அவ என் கையைப் பிடிச்சு...

மகள்: அது அம்மா சொன்னது. நான் அம்மாகிட்ட அதுக்காகக் கோச்சுக்கல. நீங்க என்ன நெனச்சீங்க? அதைச் சொல்லவே இல்லயே. எழுதி முடிச்சுட்டு ஓடி வந்தேன். அம்மா என்னைப் பாத்து, 'நர்ஸ், ஜன்னலைச் சாத்துங்க'ன்னாங்க.

அப்பா: சாத்தினே நீ. ஒண்ணும் சொல்லாம போய்ச் சாத்தினே. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்.

மகள்: நல்ல சேதியோ கெட்ட சேதியோ, எனக்கு உங்க வாயால வரணும்ப்பா. சித்தப்பா வாயால வேணாம், பக்கத்து வீட்டு வாயால வேணாம். ஒரு நூல்ல இருக்கற முடிச்சைப் பாத்து நானே கண்டுபிடிச்சுக்கவும் வேணாம். எனக்கு அது ஒண்ணுதான். வேற ஒண்ணும் கேக்கல.

அப்பா: உக்காரலாமா?

மகள்: தொட்டியில உக்காரக்கூடாதாம்.

அப்பா: சரி... நின்னுக்கிட்டே சொல்றேன்.

மகள்: ம்.

அப்பா: என் தோள்பட்டை வலிக்கு அந்தப் பிசியோ கிளினிக் போயிட்டிருந்தேனே...

மகள்: இன்னும்தான் போறீங்க. போன தடவை நான் வந்தப்ப அந்தக் கையாலதான் கேஸ் சிலிண்டரைத் தூக்கினீங்க.

அப்பா: தோள் எப்பவோ சரியாயிருச்சும்மா.

மகள்: ம்.

அப்பா: அங்க பயிற்சி குடுக்கறவங்க... அவங்களும் தனியா இருக்கறவங்கதான். அதிகம் பேசமாட்டாங்க. கையைத் தூக்குங்க, இறக்குங்க, மூச்சு விடுங்க... அவ்வளவுதான். நானும் பேசறவன் இல்ல. ரெண்டு பேரும் பேசாம இருப்போம். வீட்டுலயும் நான் பேசாமத்தான் இருக்கேன், ஆனா அது வேற. அங்க பேசாம இருந்துட்டு வந்தா... எப்படிச் சொல்றது... ஒருத்தர்கிட்ட பேசிட்டு வந்த மாதிரி இருந்துது. நான் கேட்டேன் அவங்களை. நம்ம வீட்டுக்கு வந்துடறீங்களான்னு. முறைப்படி, கல்யாணம் பண்ணிக்கிட்டு. இதை நான் உங்கிட்டதான் முதல்ல சொல்லியிருக்கணும்.

மகள்: அவங்க என்ன சொன்னாங்க?

அப்பா: இன்னும் ஒண்ணும் சொல்லல. கேட்டுக் கொஞ்ச நாள் கழிச்சு, 'உங்க பொண்ணுகிட்ட நீங்களே வாயைத் திறந்து சொல்லுங்க. சொல்லிட்டு வாங்க, அப்புறம் பாக்கலாம்'னுட்டாங்க. போன வருஷம் மழைக்கு முன்னாடி சொன்னது.

மகள்: இவ்வளவு நாளாவா வாயை மூடிக்கிட்டு இருந்தீங்க?

அப்பா: ஒவ்வொரு தடவை நீ வரும்போதும் சொல்லணும்னு நெனப்பேன். உன்னைப் பாத்ததும் நாக்கு ஒட்டிக்கும். நீ பேசாம எழுந்து போயிட்டா நான் என்ன பண்ணுவேன்? உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா?

மகள்: அதனால பாத்ரூமை இடிச்சுட்டீங்க.

அப்பா: அது எப்படியும் இடிக்க வேண்டியதுதான். சுவரெல்லாம் ஓதம்.

மகள்: சரி... இந்த நூல்? பதிலே சொல்லாதவங்க அளவு எப்படிக் கெடைச்சுது?

அப்பா: கிளினிக்ல போய், ஒரு அளவு எடுக்கணும், கையை மடக்கிக்கிட்டு நிமிந்து நில்லுங்கன்னேன்.

மகள்: எதுக்குன்னு கேக்கலயா?

அப்பா: கேக்கல. நின்னாங்க.

மகள்: நீங்க கீழ உக்காந்து நூலைப் பிடிச்சீங்களா? பேஷண்டெல்லாம் பாக்க?

அப்பா: ஒரு பெரியவர் கால்ல கட்டுப் போட்டுக்கிட்டுப் பாத்துக்கிட்டிருந்தார். அவர்தான் அந்த முனையைப் பிடிச்சுக்கிட்டார்.

மகள்: அடக் கடவுளே...

அப்பா: சிரிக்கறயா, அழறயா?

மகள்: எனக்கே தெரியல. இருங்க.

அப்பா: வேணாம்னா சொல்லிரும்மா. நூலை இங்கயே போட்டுட்டுப் போயிரலாம். என் உயரத்துக்கே வாங்கிக்கறேன்.

மகள்: அம்மாவுக்கு அந்த வீட்டுல எடம் இருக்குமா?

அப்பா: அவ போட்டோ இருக்கற சுவத்துல நான் ஆணிகூட அடிக்கமாட்டேன். அதை அவங்களே சொல்லிட்டாங்க... எப்பவாவது வந்தா, அப்படின்னு.

கடைக்காரர்: சார், இருக்கு. ரெண்டு இழுப்பறை, இதே கலர். தூசிதான் கொஞ்சம். என்ன உயரம் போடட்டும்? முடிவு பண்ணியாச்சா, இன்னொரு தடவை குடோனுக்குப் போயிட்டு வரட்டுமா?

மகள்: முடிச்சு எங்க இருக்கோ, அதுக்கு ஒரு சாண் கீழ. நூலை வச்சே எடுத்துக்கங்க.

கடைக்காரர்: சார் குனியணுமே மேடம்...

மகள்: குனியட்டும். கணக்கு வாத்தியாருங்க கொஞ்சம் குனியறது நல்லது.

கடைக்காரர்: அப்ப கால் வெட்டச் சொல்லிடறேன். வெட்டினா திரும்ப எடுக்க மாட்டோம், இப்பவே சொல்லிட்டேன்.

அப்பா: வெட்டுங்க.

கடைக்காரர்: சரி சார். பில்லு போடறேன், வாங்க.

அப்பா: இருங்க, வரோம்... ஏம்மா, உனக்கு அவங்க மேல வருத்தமில்லையே? நானே சொல்லணும்னு அப்படிக் கறாரா நின்னுட்டாங்கன்னு?

மகள்: அவங்க நிக்கலப்பா. நீங்க கேட்ட மறுவாரமே ரயிலேறி என் ஆபீஸுக்கு வந்துட்டாங்க, உனக்குச் சம்மதம்னாத்தான் சரின்னு சொல்வேன்னு. எனக்குச் சம்மதம், ஆனா அப்பா தானா எங்கிட்ட வந்து சொல்ற வரைக்கும் அவருக்குப் பதில் சொல்லாதீங்கன்னு அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டது நான்தான்.