வாசலுக்கு மேல் வளைந்த கிளை

ஹலோ... அண்ணா? நான்தான், மாகி. வெச்சிடாதே... இல்ல, இல்ல, அப்பாவுக்கு ஒண்ணும் ஆகலை. தூங்கறாரு. மெதுவாத்தான் பேச முடியும்... அழலையே... சரி, அழறேன்.

அண்ணா, நம்ம பைன் மரத்தைக் கொன்னுட்டேன்.

...சிரிக்காதே! சாயங்காலம் புதுக் குருத்தையெல்லாம் வெட்டிட்டேன்... ஆமா, எல்லாம். அப்பாவுக்கு வலது தோள் வலி, அந்தக் கையையே தூக்க முடியலை. ஆள் கூப்பிடலாம்னா, தோட்டக்காரன் எவனும் இந்த வாசல் ஏறக் கூடாதுங்கறாரு... உன் மேல இருக்கற கோவம்தான், வேறென்ன? காலேஜை விட்டுட்டு கியோட்டோவுல தோட்டக்காரன்கிட்ட மரம் கத்தரிக்கக் கத்துக்கப் போனேல்ல, அன்னிலேர்ந்து இப்படித்தான்.

வீடியோ பாத்துத்தான் செஞ்சேன். ஜூன்ல வெட்டினா மறுபடி சின்னச் சின்னதா துளிர்க்கும்னு அதுல ஒருத்தன் சொன்னான்... ஆமா... ஆமாண்ணா, கறுப்பு பைனுக்குத்தான் சொன்னான். அதுக்குக் கொத்துக்கு ரெண்டு ஊசி இலை. குப்பைப் பையைக் கட்டறப்பதான் நம்மதை எண்ணிப் பாத்தேன். அஞ்சு. வேற ஜாதி.

...திட்டு. நல்லாத் திட்டு. ஆனா சொல்லிடு, துளிர்க்குமா?... இந்த வருஷம் சந்தேகம்தானா?

பழைய ஊசி இலையா? விட்டு வெச்சிருக்கேன்... அது... வாசலுக்கு மேல வளைஞ்சு போகுதே, அந்தக் கிளையில மட்டும் பிடுங்கிட்டேன்... காஞ்சிடுமா? அப்பா வருஷக்கணக்கா மூங்கில் வெச்சுக் கட்டி வளைச்ச கிளைண்ணா அது.

...உச்சியா? இல்ல, அது எனக்கு எட்டலை. நான் என்ன உன்னை மாதிரி ஒட்டகமா?... சரி, தொட மாட்டேன். உரமும் போட மாட்டேன். சரி, சரி... கையெல்லாம் பிசின், எவ்வளவு கழுவியும் போகலை. காலைலதான் குப்பை எடுக்க வருவாங்க, அதுக்குள்ள அப்பா பாத்துட்டா? பை கண்ணாடி மாதிரி, உள்ள இருக்கறதெல்லாம் வெளிய தெரியுது...

இரு.

...மாடிப்படில சத்தம். அப்பா. டார்ச் எடுத்துக்கிட்டுத் தோட்டத்துக்குப் போறாரு. ஐயோ, ஏணியை எடுத்து வைக்கவே இல்லையே. ஏணி வெளிய கிடந்தாலே கத்துவாரே... வெச்சிடாதேண்ணா, ப்ளீஸ், நானும் பின்னாலேயே போறேன்... இடது கையால அந்தக் கிளையைத்தான் தடவிப் பாக்கறாரு... திரும்பறாரு...

அப்பா... நான்தான்ப்பா வெட்டினேன்... அண்ணாகிட்ட பேசறேன்... எந்த அண்ணாவா? எனக்கு ஒரே அண்ணாதானேப்பா...

போனை வாங்க மாட்டேங்கறாரு. ஸ்பீக்கர்ல போடுங்கறாரு. போட்டுட்டேன். சொல்லு, என்கிட்ட சொன்னதையே சொல்லு... இல்ல, அவர் பேச மாட்டாராம். கேட்டுக்கிட்டுதான் இருக்காரு... ம்... தலையாட்டறாரு... அந்தக் கிளையை நேர்ல பாத்தாத்தான் தெரியுமா?

...டார்ச்சை அணைச்சுட்டாரு. உள்ள போறாரு.

அப்பா! ஏணியை எடுத்து வைக்கட்டுமா?

...அண்ணா. கேட்டுச்சா? "இருக்கட்டும் விடு, அவன் என்ன பறந்தா ஏறுவான்"ங்கறாரு... மூக்கை உறிஞ்சாதே, பதில் சொல்லு. அங்கேர்ந்து முதல் ரயில் எத்தனை ம—