கதவடைத்த இருவாச்சிக்குக் காவலிருந்த மனாங் லியோனிலா அவர்களுக்கு

மேகம் மேயும் மலைமுகட்டின் மாண்புமிகு காவல் தலைவியே! அட்டை கடித்தாலும் அசராத அம்மணியே! பானாய்த் தீவின் பசுங்காட்டில் முப்பத்தொரு ஆண்டுகள் மழையில் நனைந்து, மறுநாளும் அதே ஈரச் செருப்போடு மலையேறியவரே! வயதில் மூத்தவர்களும் 'மனாங்' என்றழைத்துத் தங்கள் அக்காவாக்கிக்கொண்ட எங்கள் லியோனிலா அவர்களே! வணக்கம், வணக்கம், வாய் நிறைய வணக்கம்!

உங்கள் பணி ஓய்வு விருந்தில் வாசிக்க இந்த மடலை அலங்காரமாக எழுதச் சொல்லி, நிலையத்துச் சமையற்காரியான என் தலையில் கட்டிவிட்டார்கள். வெளியே சுட்ட பன்றி ஆறிக்கொண்டிருப்பது எனக்கும் தெரியும்; சபையோர் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

பொறுமையின் பெட்டகமே என்று உங்களைப் புகழ ஆசைதான். பொய் சொன்னால் சபை சிரிக்கும். கோபம் உங்களுக்கு மூக்கின் மேல். உங்கள் குரல் கேட்டே ரம்பத்தைப் போட்டுவிட்டு ஓடியவர்கள் உண்டு. அடிவாரமெல்லாம் எரிந்து சோளக்கொல்லையான காலத்தில், முகட்டில் மிஞ்சிய காட்டைக் காட்டி, "இத யாரு நட்டதுன்னு நெனைக்கிறீங்க? பாதி மரம் இருவாச்சி தின்னு போட்ட விதைங்க! நம்ம எல்லாரும் சேந்தாலும் இப்படி ஒரு சரிவ நட முடியுமா?" என்று கேட்டீர்கள். நாங்கள் அண்ணாந்து பார்த்தோம். பழம் தின்னும் ஒரு பறவை இத்தனை பெரிய காட்டை வயிற்றில் சுமந்து திரிகிறதே என்று இன்றும் எனக்கு மலைப்புத்தான்.

உங்கள் சேவையை ஆண்டுவாரியாகப் பாட நேரமில்லை. அந்த ஒரு பருவத்தைச் சொல்லாமல் விட்டால் மட்டும் எனக்குத் தூக்கம் வராது.

அடிவாரத்து அன்செல்மோ தன் மகளின் ஞானஸ்நான விருந்துக்கென்று ஓர் ஆண் இருவாச்சியைச் சுட்டு, தோளில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தான். வழியிலேயே பிடித்தீர்கள். அதன் பெட்டையோ லவான் மரப் பொந்துக்குள் குஞ்சோடு இருந்தது. மண்ணும் எச்சமும் குழைத்து வாசலைத் தானே பூசி அடைத்து, அலகு நுழையும் கீறல் மட்டும் விட்டு, ஆண் கொண்டுவரும் பழத்தை நம்பி உட்கார்ந்திருந்தது. "உம் புள்ள விருந்துக்கு இன்னொரு புள்ளையோட அப்பனையாடா அடிச்ச, டோட்டோ?" என்று அந்தக் கோபத்திலும் அவனைத் தம்பி முறை சொல்லியே கேட்டீர்கள்.

இரக்கம் மிகுந்த நம் துணைத்தலைவர் டோமினடோர் கத்தியை எடுத்துக்கொண்டு ஏணியில் கால் வைத்தார். "பாவம் மனாங், பூச்ச ஒடச்சு வெளிய விட்ருவோம்."

"எறங்குய்யா கீழ! உள்ள எறகெல்லாம் உதுத்துட்டு உக்காந்திருக்கு. ஒடச்சா பறக்காது, பொத்துன்னு உழும். கதவப் போட்டது அது, அதுதான் தொறக்கணும்!"

இதோ, டோமினடோர் முன்வரிசையில் தலையைக் குனிந்து சிரிக்கிறார்.

அன்செல்மோ மீது வழக்கும் போட்டீர்கள், அவனிடம் வேலையும் வாங்கினீர்கள். நீதிமன்றம் போன நாள் தவிர மற்ற நாளெல்லாம் அவன்தான் பிரம்பு ஏணியில் ஏறினான். என்னைக் கேட்காமலே என் அகப்பையை எடுத்து மூங்கில் நுனியில் கட்டிக்கொடுத்தீர்கள். அதில் அத்திப்பழம் வைத்து நீட்டினான். பெட்டை உள்ளே ஒடுங்கிக்கொண்டது. பழம் கீறலிலேயே அழுகியது. குஞ்சின் குரல் நாளுக்கு நாள் மெலிந்தது. "என் கையால வாங்க மாட்டேங்குது மனாங்," என்று அன்செல்மோ ஏணியில் நின்றபடியே அழுதான்.

அப்போதுதான் உங்களுக்குப் பொறி தட்டியது. ஆண் வரும்போது அந்தச் சிறகுச் சத்தம் காட்டையே உலுக்குமே, அது கேட்காமல் எந்தப் பெண்சாதி வாசலுக்கு வருவாள்? என் அடுப்படி ஓலை விசிறியைப் பிடுங்கிக்கொண்டு, முட்டிவலியோடு ஏணியேறி, கை கடுக்கக் கடுக்க விசிறினீர்கள். கீறலில் அலகின் நுனி தெரிந்தது. பழத்தை எடுத்தது.

ஆண்டவரே, மனிதரை நம்ப ஒரு காரணமும் இல்லாத உயிர் எங்கள் அகப்பையிலிருந்து சாப்பிட்டது! டோமினடோர் சிலுவை போட்டுக்கொண்டார். நீங்களோ, "டோட்டோ, இனிமே நீதான் புருஷன்! ஒழுங்கா விசிறு!" என்று விசிறியை அன்செல்மோ கையில் திணித்தீர்கள். ஊரே அவனை இருவாச்சி வீட்டு மாப்பிள்ளை என்று கேலி செய்தது. அவன் விசிறுவதை நிறுத்தவில்லை. இறகு முளைத்த பெட்டை ஒரு காலையில் பூச்சை உடைத்து வெளியே வந்து பறந்தது. பிறகு குஞ்சும் பறந்தது.

அதையெல்லாம்விட எனக்கு மெய்சிலிர்த்தது மறு ஆண்டில்தான். அந்தப் பெட்டை புதுத் துணையோடு அதே பொந்துக்கு வந்தது. துப்பாக்கி வெடித்த அதே மலையில், மறுபடியும் தன்னை உள்ளே வைத்து மண்பூசிக்கொண்டது. "என்ன தைரியம்டி உனக்கு!" என்று நீங்கள் அழுதுகொண்டே திட்டினீர்கள். அன்செல்மோவைக் காவலராகச் சேர்த்ததும் அந்த வாரம்தான்.

மதிப்புக்குரிய மனாங்கே! முட்டிவலி தீர்ந்து, மூச்சு வலுத்து, பேரப்பிள்ளைகளைத் திட்டித் தீர்த்து, நெடுநாள் நலமாக வாழ்க! இந்தப் பருவமும் அந்தப் பெட்டை கதவடைத்திருக்கிறது. "நான் போயிட்டா அத யாரு பாப்பா?" என்று இன்று காலை என் அடுப்படியில் நின்று கண்கலங்கினீர்கள். அதற்குப் பதிலை இந்த மடலின் அடியில் எழுதி வைத்திருக்கிறேன்.

என்றும் உங்கள் அன்புக்குரிய,
பசிலிசா, டோமினடோர் மற்றும் மலைக்காவல் நிலைய ஊழியர்கள் அனைவரும்.

அன்செல்மோவின் கையெழுத்து மட்டும் இதில் இல்லை. விருந்துக்குக் கூப்பிட்டோம், அந்த லவான் மரத்தடியை விட்டு வரமாட்டேன் என்றுவிட்டான்.